அக்காவுக்கென்று இருந்த அறை

பதினொரு வயதில் நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மாற்றிச் சொன்னேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் பாரிஸில், இந்த லா ஷப்பலில் என்னோடு தேநீர் குடிக்கும் உங்களிடமும் சொன்னதில்லை. நீங்களும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு பொய் எத்தனை காலம் உடம்பில் தங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்னைப் புதுச்சேரிக்காரன் என்று நினைத்திருக்கிறீர்கள். அது பாதி உண்மை. அப்பாவும் அம்மாவும் புதுச்சேரி. நான் பிறந்து வளர்ந்தது வியத்நாமில், சைகோனில். அப்பா அங்கே ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியில் எழுத்தர். நம் ஊரிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் அந்நாளில் நிறைய இருந்தன.

எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். அந்த ஊர்க்காரர்களும் சூப்பில் புளி போடுவார்கள். ஆனாலும் பழம் உதிரும் நாட்களில் முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது என் அம்மா ஒருத்திதான். சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் அவளைச் சுற்றி ஒதுங்கிப் போவார்கள். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே ஒரு தையல்கார அம்மாவும் அவர் மகளும். கீழ்வீட்டு அம்மா விதவை. வியத்நாமியம் தவிர வேறு மொழி தெரியாது. மகள் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியான லிசேயில் கடைசி வகுப்பு. பதினேழு வயது.

அந்த மகளை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். வியத்நாமியப் பேச்சிலும் மூத்தவள் அக்கா, இளையவன் தம்பி என்றுதான் வழங்கும். அதனால் எந்த மொழியில் கூப்பிட்டாலும் உறவு மாறவில்லை.

கீழேயிருந்து மீன் சாற்று வாடை ஏறும். மேலேயிருந்து பெருங்காய வாடை இறங்கும். படிக்கட்டின் நடுவில் இரண்டும் சந்திக்கும். அந்த நடுப்படியில்தான் எனக்குக் கணக்குப் பாடம். அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் வெள்ளை நீள் அங்கியின் முன்பாகத்தை மடியில் சுருட்டிக்கொண்டு உட்காருவாள். அங்கியின் வலது கை விளிம்பில் ஊதா மைக்கறை எப்போதும் இருக்கும். நான் தப்பாகப் போட்டால் திட்டமாட்டாள். "இந்த விடையைக் கேட்டால் எண்களே அழும்" என்பாள்.

நான் சொல்லவந்த மழைக்காலத்தில் மாமா பாரிஸிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். வட ரயில் நிலையத்தில் பெட்டிகள் ஒப்படைக்கும் அறையில் வேலை. லா ஷப்பலுக்குப் பக்கத்தில் வீடு. அப்போது இங்கே ஒரு தமிழ்க் கடைகூடக் கிடையாது. அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாத விடுப்பில் தங்கையைப் பார்க்க வந்தார். எனக்கு ஒரு பேனாக்கத்தி கொண்டுவந்தார். அதோடு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாரிஸ் மெத்ரோ ரயில் வரைபடமும்.

கத்தியை நான் வைத்துக்கொண்டேன். வரைபடத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். பரீட்சை முடிந்திருந்த நாட்கள் அவை. அதையும் ஒரு பாடமாக ஆக்கினாள். நான் இரண்டு நிலையங்களின் பெயரைச் சொல்லவேண்டும். எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒரு நாளும் தோற்கவில்லை. பாரிஸை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் அந்த நகரத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தோம்.

அவளுடைய வகுப்புத் தோழிகள் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கப் படிக்கட்டுக்கு வருவார்கள். பேச்செல்லாம் வெளிநாட்டுப் படிப்புதான். யார் போகிறார்கள், எந்த ஊர், எந்தப் பாடம். ஏன் போகவேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அங்கே வாங்கின சான்றிதழுக்குத்தான் இங்கே நாற்காலி போடுவாங்க. எங்க அப்பா சொன்னார்" என்றாள் ஒருத்தி.

"லியோனில் எங்க சித்தி இருக்கா. அனுப்பலேன்னா சித்தி கோபிச்சுக்குவா" என்றாள் இன்னொருத்தி.

"பொய். இவளுக்கு இங்கே மாப்பிள்ளை பார்க்கிறாங்க. கப்பல் ஏறிட்டா நாலு வருஷம் தப்பிக்கலாம்" என்றாள் மூன்றாமவள்.

"நீ மட்டும் என்ன, அறிவியலுக்காகவா போறே?"

"நான் பனி பார்க்கணும். உண்மையைச் சொல்றதில் எனக்கென்ன வெட்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மருந்தியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். தெருமுனை மருந்துக்கடையில் புட்டிகளின் பிரெஞ்சு எழுத்தைத் தெருவுக்கே அவள்தான் படித்துச் சொல்வாள். வெளியே எழுதியிருப்பதைப் படிப்பது போதாது, உள்ளே இருப்பது தெரியவேண்டும் என்றாள். தோழிகள் போனபிறகு என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னாள்.

"தம்பி, எனக்கு ஒரு கதவு வேணும். உள்ளேயிருந்து சாத்துற கதவு. அதுக்குப் பின்னால உட்கார்ந்து படிக்கணும். தையல் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது. யாரும் 'இந்த நூலைக் கோத்துக் குடு'ன்னு கூப்பிடக்கூடாது."

தாயும் மகளும் ஒரே அறையில், ஒரே கட்டிலில், ஒரே விளக்கில் இருந்தார்கள். எனக்கு அது அப்போது புரியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நான் இருக்கமாட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

பரீட்சையில் அக்கா தேறினாள். பாரிஸில் படிக்க இடம் கிடைத்தது. கப்பல் சீட்டை ஒரு சித்தப்பா ஏற்றுக்கொண்டார். ஒன்றுதான் குறை. அங்கே தங்க இடம் தருகிறேன் என்று பாரிஸில் இருக்கும் ஒருவர் எழுதித் தரவேண்டும். அவர்களுக்கு அங்கே யாருமில்லை. கீழ்வீட்டு அம்மா மாமாவை நினைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு நன்றாகப் பிரெஞ்சு வரும். மாமாவிடம் அவளே கேட்டிருக்கலாம். ஆனால் இடம் கேட்பது தாயின் வேலை, மகள் தனக்காகத் தானே போய் நிற்பது மரியாதை இல்லை என்று அந்த அம்மா தீர்மானமாக இருந்தார். அப்பாவுக்கு வியத்நாமியம் வரும், ஆனால் அவர் அலுவலகத்தில். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தை வியத்நாமியம்: விலை, அதிகம், அழுகல், குறை. மாமாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. மிஞ்சியது நான். குழந்தையின் வாய் வழியாகப் போனால் பேச்சு அப்படியே போய்ச் சேரும் என்று அவர்கள் எல்லோரும் நம்பினார்கள். குழந்தைக்கென்று ஒரு ஆசை இருக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

மதியம். நல்ல மழை. கீழ்வீட்டு அம்மா பழுப்புப் பட்டு உடுத்தி, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு ஒரு தட்டில் ஏந்தி மேலே வந்தார். மாமா பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டையை மாட்டினார், பொத்தான்கள் ஏறுமாறாக. அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உன் மாமாகிட்டே சொல்லு. என் மகளுக்கு இடம் கிடைச்சிருக்கு. தங்க இடம் தர்றேன்னு ஒரு தாள் எழுதித் தருவாரா? சமைப்பா, தைப்பா, சத்தமே இருக்காது."

இதை நான் ஒழுங்காகவே சொன்னேன். மாமா சிரித்துவிட்டார்.

"அட, அத்தெஸ்தாசியோன் தாளா? இதுக்கா இவங்க இப்படி நடுங்குறாங்க? பின் அறை சும்மாதான்டா கிடக்கு. உங்க அத்தை போனதிலிருந்து அதுல வெங்காயம்தான் குடியிருக்கு. தாராளமா வரட்டும்னு சொல்லு. இன்னிக்கே எழுதித் தர்றேன்."

நான் கீழ்வீட்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவர் மாமாவின் சிரிப்பைப் பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா வருத்தப்படுறார். தனியா இருக்கிற ஆம்பிளை வீட்டுல வயசுப்பொண்ணு தங்கினா நாலு பேர் பேசுவாங்களாம். அதனால சங்கடமா சிரிக்கிறார்."

அந்த 'நாலு பேர்' என் சொந்தச் சரக்கு அல்ல. முந்தைய நாள் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

கீழ்வீட்டு அம்மா தலையை ஆட்டினார். "நியாயம்தான். கேட்டதுக்கு மன்னிக்கச் சொல்லு. நன்றின்னு சொல்லு."

"ரொம்ப நன்றியாம். லியோன்ல ஒரு சித்தியும் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காங்களாம். அந்தத் தாள் வந்தா அங்கேயே அனுப்பிடுவாங்களாம்" என்றேன் மாமாவிடம். அந்தச் சித்தியையும் தோழியிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

"அதுவும் நல்லதுதான். ஏன்டா கண் கலங்குறாங்க?"

"சந்தோஷமாம்."

அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒட்டரிசிச் சோற்றை நாங்கள் சாப்பிட்டோம். தேங்காய்ப் பாலில் வேகவைத்து, நடுவில் வாழைப்பழம் வைத்தது. மிக நன்றாக இருந்தது. இரண்டு பொட்டலம் தின்றேன்.

மாமாவிடம் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னாளாம். ஒருமுறை மறுத்தவர் வாசலில் இரண்டாம் முறை நிற்கக்கூடாது என்று தாய் தடுத்துவிட்டார். மாமா புறப்பட்ட நாளில் படிக்கட்டில் அக்கா எதிரே வந்தாள். மாமா தொப்பியைக் கழற்றி, பிரெஞ்சில், "உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும், மத்மோசல்" என்றார். அவள் லியோனுக்குப் போகிறாள் என்றே அவர் நம்பினார். அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இடமும் தராமல் கேலியும் செய்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் மாமாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

அக்கா கப்பல் ஏறவில்லை. முனை மருந்துக்கடையில் விற்பனைக்கு நின்றாள். பிறகு ஒரு பள்ளியில் ஆசிரியையானாள். மாமா கடிதத்தில், அந்தப் பெண் லியோன் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய அம்மா அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

இனித்தான் எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. அக்கா எனக்குக் கணக்குச் சொல்லித்தருவதை நிறுத்தவில்லை. மாலை ஐந்து மணிக்கு அதே படியில், முன்னைவிடப் பொறுமையாக. ஏழு வருடம் சொல்லித்தந்தாள். அந்தக் கணக்கால்தான் நான் தேறினேன். பதினெட்டு வயதில் எனக்குப் பாரிஸில் இடம் கிடைத்தது. மாமா தாள் எழுதி அனுப்பினார். வெங்காயத்தை வெளியேற்றிவிட்டுப் பின் அறையில் எனக்குக் கட்டில் போட்டார்.

புறப்படும் நாளில் அக்கா அந்த மெத்ரோ வரைபடத்தைக் கொடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, மருந்துக்கடை ஒட்டுத்தாளால் ஒட்டப்பட்டிருந்தது. "இனி இது உனக்குத்தான் தேவை" என்றாள். முதல் குளிர்காலத்திலேயே அதையும் எங்கோ தொலைத்தேன்.

ஒன்பது வருடம் அந்த அறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே முற்றம். அதற்கும் அப்பால் ரயில்கள். உள்ளேயிருந்து சாத்தக்கூடிய நல்ல கதவு. "அந்த லியோன் பொண்ணு என்ன படிச்சது?" என்று மாமா கேட்டார். "மருந்தியல்" என்றேன்.

பிறகு பாரிஸை ஒட்டிய சென் தெனியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு ஆசிரியர். பெற்றோர் கூட்டங்களை நீங்கள் அறிவீர்கள். மகன் வகுப்புக்கே வருவதில்லை என்று ஆசிரியர் சொல்வார். மகன் அதைத் தாய்க்குத் தமிழில் சொல்வான். தாய் பூரித்த முகத்தோடு ஆசிரியருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவாள். சக ஆசிரியர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் மட்டும் எந்தப் பிள்ளையையும் நடுவில் நிற்கவிட்டதில்லை. வெளியே அனுப்பிவிட்டு நானே பேசுவேன். எனக்குப் பொறுப்பு அதிகம் என்று பாராட்டினார்கள்.

அம்மா, பின்னாளில் பாரிஸ் புறநகரான பொண்டியில் குடியேறிய என் தங்கை வீட்டில்தான் கண் மூடினாள். கடைசி வாரத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு நீ மாத்திச் சொன்னது எனக்குத் தெரியும்டா. சந்தையில இல்லைன்னு சொன்னா ஒரு பொம்பளை முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் தனியா இருந்தான். எனக்கும் பயம். பேசவேண்டியவ நானும் பேசலை."

அதன் பிறகும் பல வருடம் நான் எதுவும் செய்யவில்லை. மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லாதபோதுதான் அக்காவைத் தேடினேன். அந்த லிசேயின் பழைய மாணவிகள் பாரிஸில் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பனி பார்க்கப் புறப்பட்டவள் அங்கே இருந்தாள். "பனி எப்படி?" என்றேன். "முதல் வருஷமே சலித்துவிட்டது" என்றாள். அக்காவின் முகவரி அவளிடம் இருந்தது.

எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை மூன்று எழுத்துப்பிழைகள் கண்டேன். படிப்பு போனதற்கு நான் அழுது முடித்துவிட்டேன். நல்ல ஆசிரியையாக இருந்தேன். ஆனால் உன் மாமாவை நான் அறுபது வருடம் வெறுத்தேன். ஒரு நல்ல மனிதரை. அவரிடம் இப்போது எப்படி மன்னிப்புக் கேட்பது? நீ எனக்குச் செய்ததில் இதுதான் பெரிது."

அவள் பேத்தி பள்ளியின் கடைசி வகுப்பு என்றும், வெளிநாட்டில் படிக்க யோசிக்கிறாள் என்றும் அடியில் எழுதியிருந்தாள். எனக்கு வழி திறந்ததுபோல் இருந்தது. பின் அறைக்கு வெள்ளையடித்தேன். புது மேசை வாங்கினேன். நான் இன்று குடியிருப்பது மாமா எனக்கு விட்டுப்போன அதே வீடு. யாரையும் கேட்கவேண்டியதில்லை. தொலைபேசித் திரையில் அந்தப் பெண்ணிடம், எதற்காக எல்லோரும் வெளியே போகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அறுபது வருடத்துக்குப் பிறகு அதே கேள்வி.

"ஒருத்திக்கு இங்கே நுழைவுத் தேர்வுன்னா பயம். ஒருத்தனோட அப்பா அம்மாவுக்குச் சொந்தக்காரங்க முன்னால தலை நிமிரணும். வெளிநாட்டுச் சான்றிதழ்னா வேலை சீக்கிரம் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ?"

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அப்பா என் போனை எடுத்துப் பார்க்கிறார்."

நான் சிரித்துவிட்டேன். கதவு அதேதான், அளவுதான் சிறுத்துவிட்டது.

ஆனால் அவள் பாரிஸுக்கு வரவில்லை. கொரியாவில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. "மன்னிச்சுக்கோங்க, எனக்குக் கொரியாதான் பிடிக்கும்" என்றாள். வெள்ளையடித்த அறையில் போய் உட்கார்ந்தேன். பரிகாரம் செய்யக்கூட நான் யாருக்கும் தேவைப்படவில்லை என்று தோன்றியது. மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"அப்போ அந்த அறை காலிதானே?"

விருந்தாளியாக வருபவருக்கும் இந்த நாட்டில் அதே மாதிரி ஒரு தாள் வேண்டும். நகரசபைக்குப் போனேன். வருபவர் உறவா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அக்கா என்றேன். குடும்பப் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள், பிறகு முத்திரை குத்தினாள். அறுபது வருடம் பிந்திய அந்தத் தாளை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இந்த வசந்தத்தில் வந்தாள். எழுபத்தொன்பது வயது, என் தோள் உயரம்தான். விமான நிலையத்தில் டாக்சி பிடிக்கப் போனேன். "எதுக்கு? வட ரயில் நிலையத்தில் இறங்கினா லா ஷப்பல் நடக்கிற தூரம்" என்றாள். நான் தொலைத்த வரைபடம் இன்னும் அவள் தலைக்குள் அப்படியே இருந்தது.

வீட்டில் நுழைந்ததும் நடைவழியில் மாமாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். பிரெஞ்சில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவும் கூடாது. பிறகு பின் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. ஒரு மணி நேரம் திறக்கவில்லை. நான் நடைவழியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வியாழன். நீங்கள் யாரும் அன்று வரவில்லை, மெத்ரோவில் வேலைநிறுத்தம். நம் தேநீர்க்கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்துக்காரரான கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாங்கோ அண்ணை! ஆர் இந்த அம்மா? உங்கட மாணவியே?"

"இவர் எனக்கு ஆசிரியை."

என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்து, வியத்நாமியத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அவளுக்குப் பிரெஞ்சு வரும். கடைக்காரருக்கும் பிரெஞ்சு வரும். இருந்தும் என் வழியாகத்தான் சொன்னாள்.

"அவர்கிட்டே சொல்லு. ஒரு சொல்லும் விடாதே."

நான் சொன்னேன்: "இவர் சொல்கிறார், இந்த மனுஷன் சின்ன வயசில் என் அம்மாவிடம் பொய்யாக மொழிபெயர்த்தான். அதனால் நான் படிக்க வரமுடியவில்லை. எனக்குத் தரவேண்டிய அறையில் இவன் ஒன்பது வருஷம் தூங்கினான். இப்போது நான் பதினைந்து நாள் அங்கே தங்கப்போகிறேன்."

கடையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணை, பகிடியே?"

"இல்லை. உண்மை."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்பிடியெண்டா அக்காட்டைச் சொல்லுங்கோ, இனி நேராப் பிரெஞ்சிலையே என்னோடை கதைக்கச் சொல்லி. உங்களை நம்பேலாது."

அதையும் நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் விடாமல்.

அக்கா சிரித்தாள். பிறகு என்னைத் தாண்டி, அறுபது வருடத்துக்கு முந்தைய லிசேப் பிரெஞ்சில், சர்க்கரை குறைவாக ஒரு தேநீர் வேண்டும் என்றாள். எங்கே இவ்வளவு வடிவாகப் படித்தீர்கள் என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை.